தன்வந்திரி மகாலிலிருந்து வேலூர் வரை: ஆய்வுக்கூடச் சிகிச்சை நோயாளியைச் சென்றடையும் வழி

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வுக்கூடத்தில் உருவாகும் ஒரு சிகிச்சைக்கும் அது சென்றுசேர வேண்டிய நோயாளிக்கும் இடையில் நெடிய தொலைவு உள்ளது. அத்தொலைவைக் கடக்க எத்தகைய நிறுவன அமைப்பு வேண்டும் என்பதைத் தமிழகத்தின் இரு சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. முதற்சான்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் நடத்திய தன்வந்திரி மகால். இரண்டாவது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபிலியா நோய்க்கு மேற்கொள்ளப்பட்ட மரபணுச் சிகிச்சை ஆய்வு. ஆய்வாளர், நோயாளி, மருந்தாக்கம், பதிவேடு, நிலையான பொருள் வருவாய் ஆகிய ஐந்தும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் ஆய்வு சிகிச்சையாக மாறுகிறது. ஒன்று குறையினும் அது ஏட்டளவில் நின்றுவிடுகிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகால், சரபேந்திர வைத்திய முறைகள், ஹீமோஃபிலியா, மரபணுச் சிகிச்சை, குருத்தணு, காவிரிப் படுகை.

1. முன்னுரை

மரபணுச் சிகிச்சை, உயிரணுச் சிகிச்சை ஆகிய சொற்கள் கடந்த பத்தாண்டுகளில் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அச்செய்திகள் பெரும்பாலும் கண்டுபிடிப்பைப் பற்றியனவாகவே அமைகின்றன. கண்டுபிடிப்புக்குப் பின் என்ன நிகழ்கிறது, எத்தனை நோயாளிகளை அது சென்றடைகிறது, எந்த ஊரில் எந்த விலையில் கிடைக்கிறது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. மருத்துவ வரலாற்றை நோக்கின், இவ்வினாக்களே ஒரு சிகிச்சையின் வாழ்வையும் மறைவையும் முடிவு செய்துள்ளன.

இதனை ஆராயத் தஞ்சை பொருத்தமான தொடக்கப்புள்ளி ஆகும். மருந்தை நோயாளியிடம் ஆய்ந்து பயன்கண்டு பதிவு செய்யும் முறை அங்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நிறுவனமாக இயங்கியது. பின்னர் நின்றும் போனது. அது இயங்கியதற்கும் நின்றதற்கும் உரிய காரணங்கள், இன்று வேலூரிலும் மும்பையிலும் நடைபெறும் முயற்சிகளை மதிப்பிட உதவுகின்றன. இரண்டையும் அறிவியல் அளவில் ஒன்றாகக் கருதுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஒப்பிடப்படுவது நிறுவன அமைப்பு மட்டுமே.

2. சரபோசி காலத்துத் தஞ்சை

இரண்டாம் சரபோசி 1798 முதல் 1832 வரை தஞ்சை மராத்திய அரசின் மன்னராக விளங்கினார். இளமையில் செருமானியச் சமய ஊழியர் சுவார்ட்சின் மேற்பார்வையில் கல்வி பெற்றவர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆட்சிப் பொறுப்பு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. மன்னருக்குக் கோட்டையும், ஆண்டுதோறும் 1 இலட்சம் நட்சத்திரப் பகோடாக்களும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. படையும் வரித் தண்டலும் கையை விட்டுப் போன நிலையில், மன்னரின் பொருளும் கவனமும் நூலகம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றின்பால் திரும்பின. காவிரிப் படுகையின் நிலவரி, அதாவது நெல்லின் வருவாய், அவ்வகையில் மருத்துவ ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

தன்வந்திரி மகாலில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கு மரபுகளையும் சார்ந்தோர் பணியாற்றினர். மனிதர்க்கு மட்டுமன்றிக் கால்நடைகளுக்கும் அங்கு மருத்துவம் பார்க்கப்பட்டது. நோயாளிகளிடம் பயன்தந்த மருந்துமுறைகள் தொகுக்கப்பட்டுத் தமிழ்ச் செய்யுளாக இயற்றப்பட்டன. அத்தொகுப்பே சரபேந்திர வைத்திய முறைகள் எனப் பெயர்பெற்றது. கண் நோய், நீரிழிவு, கருவுற்ற மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் வரும் நோய்கள் என நோய்வாரியாக அதன் பகுதிகள் அமைந்துள்ளன. செய்யுள் வடிவம் இங்கு அணிநயத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. அச்சு அருகியிருந்த காலத்தில், அளவும் சேர்மானமும் பிறழாமல் மருத்துவர் மனத்தில் நிற்க யாப்பு துணைசெய்தது.

அதனினும் குறிப்பிடத்தக்கவை கண் மருத்துவக் குறிப்பேடுகள். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரின் நோய்நிலையும் அளிக்கப்பட்ட மருத்துவமும் எழுதப்பட்டு, கண்ணின் வண்ண ஓவியமும் உடன் வரையப்பட்டுள்ளது. இவை தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மன்னரே கண்புரை அறுவை செய்தார் என்னும் செய்தி பரவலாக வழங்குகிறது. கத்தியைப் பிடித்தவர் மன்னரா, அவர் அமர்த்திய மருத்துவரா என்னும் வினாவைக் காட்டிலும் அக்குறிப்பேட்டின் அமைப்பே வரலாற்றில் முதன்மையானது. நோயாளி ஒருவருக்கு ஒரு தனிப்பதிவு, கண்ணின் நிலையைக் காட்டும் ஓவியம் என்னும் ஒழுங்கு அதில் காணப்படுகிறது. ஒரு மருந்து பயன்தந்தது என்னும் கூற்றை, பின்வருவோர் சரிபார்க்கத்தக்க சான்றாக மாற்றுவது இவ்வொழுங்கே.

இதன் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். சிகிச்சை பெறாதாரோடு ஒப்பிடும் கட்டுப்பாட்டுக் குழு அன்று இல்லை. ஆய்வின் இயல்பையும் இடரையும் எடுத்துரைத்து நோயாளியின் ஒப்புதலைப் பெறும் நெறி உலகில் எங்கும் உருவாகவில்லை. பயன்தந்தவை செய்யுளாயின, பயன்தராதவை பதிவாகாமல் போயிருக்க வாய்ப்புண்டு. ஆயினும் மருந்தாக்கம், நோயாளி, மருத்துவர், பதிவேடு, பொருளுதவி ஆகிய ஐந்தும் ஒரே வளாகத்தில் கூடியிருந்தன என்பது மறுக்க இயலாதது.

3. உயிருள்ள மருந்தின் முதற்பயணம்

சரபோசி அரியணை ஏறிய அதே 1798ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர், பசு அம்மைப் பாலால் பெரியம்மையைத் தடுக்கலாம் என்னும் தம் ஆய்வை இங்கிலாந்தில் வெளியிட்டார். அம்மருந்து உயிருள்ள ஒன்று. வெப்பத்தில் கெட்டுவிடும், புட்டியில் அடைத்து நெடுநாள் வைக்க இயலாது. ஆகவே ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து மற்றொருவர் கையில் ஏற்றி, அவர் கொப்புளத்திலிருந்து அடுத்தவர்க்கு ஏற்றி, மனிதத் தொடராகவே அது பயணம் செய்தது. பாக்தாத், பசுரா வழியாகக் கப்பலில் பம்பாய் வந்து, 1802ஆம் ஆண்டு சூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு ஏற்றப்பட்டது. இந்தியாவில் அம்மைப்பால் முதன்முதலில் பயன்தந்தது அவ்வாறே. அங்கிருந்து அது சென்னை மாகாணத்தையும் அடைந்தது.

இன்றைய உயிரணுச் சிகிச்சையை மருத்துவர்கள் உயிருள்ள மருந்து என்றே குறிப்பிடுகின்றனர். இரண்டிற்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. உயிருள்ள மருந்துக்கு அதன் வழியே பாதி மருந்து ஆகும். தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்து அழியும். அத்தொடரில் நின்று கையை நீட்டியவர் பெரும்பாலும் ஏழைச் சிறார் என்பதையும் இவ்வரலாறு நினைவூட்டுகிறது. புதிய சிகிச்சையின் இடரை யார் ஏற்கின்றனர், பயனை யார் பெறுகின்றனர் என்னும் அறவினா அன்றே எழுந்துவிட்டது.

4. புரவலரின் மறைவும் ஏட்டில் நின்ற மருத்துவமும்

சரபோசி 1832இல் மறைந்தார். அவர் மகன் இரண்டாம் சிவாசி 1855இல் ஆண் வாரிசின்றி மறையவே, தஞ்சை அரசு கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்டது. நிலவருவாயின் ஐந்தில் ஒரு பங்கு நின்றது. சுவடிகள் எஞ்சின, நோயாளிகள் வந்துசென்ற கூடம் எஞ்சவில்லை. சரசுவதி மகால் 1918இல் பொதுநூலகமாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் அந்நூலகம் சரபேந்திர வைத்திய முறைகளைப் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டது. அவை இன்று பதிப்பாசிரியர்க்கும் மொழி ஆய்வாளர்க்கும் உரிய நூல்களாக நிற்கின்றன. ஆய்வு நடந்த அதே இடத்தில், அடுத்த தலைமுறை மருத்துவர் அம்முறைகளை மீண்டும் நோயாளிகளிடம் சோதித்து ஏற்கவோ தள்ளவோ வாய்ப்பு அமையவில்லை.

இங்கு இழக்கப்பட்டது அறிவு அன்று. அறிவு ஓலையில் பத்திரமாகவே இருந்தது. அறிவைத் தொடர்ந்து திருத்திக்கொள்ளும் ஏற்பாடே இழக்கப்பட்டது. தனியொரு புரவலரைச் சார்ந்த நிறுவனம் அவரோடு முடிவதற்குத் தன்வந்திரி மகால் தெளிவான சான்று.

விடுதலைக்குப் பின் காவிரிப் படுகையில் நவீன மருத்துவக் கல்வி வேர்கொண்டது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கப்பட்டது. மிராசுதார் பெயரைத் தாங்கிய பழைய மருத்துவமனையும் அதனோடு இணைந்து படுகை மக்களின் நோய் தீர்க்கும் பெரும்பொறுப்பை ஏற்றது. 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்து மருத்துவச் சுவடி ஆய்வுக்கும் இடமளித்தது. அண்மைக் காலத்தில் தஞ்சையை அடுத்த சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் திசுப் பொறியியல், நுண் உயிரிப்பொருள்கள் ஆகியவற்றிற்கென ஆய்வு மையம் இயங்குகிறது. எனவே ஆய்வுக்கூடம், மருத்துவமனை, சுவடிக்கூடம் மூன்றும் தஞ்சையில் இன்றும் உள்ளன. ஆனால் சரபோசி காலத்தைப்போல் அவை ஒரே கூரையின் கீழ் இல்லை.

5. வேலூரில் உருவான அடித்தளம்

ஒரே கூரையின் கீழ் ஆய்வும் நோயாளியும் சேர்ந்த தமிழகச் சான்றைத் தேடின், தஞ்சைக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரை நோக்க வேண்டும். அங்கு 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம், 1918இல் மகளிர்க்கான மருத்துவப் பள்ளியாகவும் பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது.

அக்கல்லூரியில் 1986இல் மாமன் சாண்டியின் தலைமையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. இந்தியாவில் அச்சிகிச்சையைத் தொடங்கிய முதல் மையங்களுள் அதுவும் ஒன்று. தலசீமியா என்னும் பிறவிக் குருதிச்சோகை நோயுற்ற குழந்தைகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அங்கு வந்தனர். நோய் முற்றிய நிலையில் வந்த குழந்தைகளுக்கு வழக்கமான மருந்துகளால் கல்லீரல் பாதிக்கப்படும் இடர் மிகுதி. ஆகவே அங்குள்ள மருத்துவர்கள் டிரியோசல்ஃபான் என்னும் வேறொரு மருந்தைக் கொண்டு சிகிச்சை அளித்து, அதனால் விளைந்த முன்னேற்றத்தை 2013இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர்.

இவ்விடத்தில் ஒரு காரணகாரியத் தொடர்பைக் கவனித்தல் வேண்டும். குருத்தணு வழியாக மரபணுவைச் செலுத்தும் சிகிச்சையில் மரபணு மாற்றம் நிகழும் கட்டம் ஆய்வுக்கூடத்தில் சில நாள்களில் முடிகிறது. எஞ்சியவை அனைத்தும் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவின் அன்றாடப் பணிகளே. நோயாளியின் குருத்தணுக்களைக் குருதியோட்டத்திற்கு வரச்செய்து பிரித்தெடுத்தல், அவரது மஜ்ஜையை மருந்தால் ஒடுக்குதல், அணுக்களை மீண்டும் செலுத்துதல், எதிர்ப்பாற்றல் அற்ற வாரங்களில் தொற்றின்றிக் காத்தல் ஆகியவை அவை. இப்பணிகளில் பல்லாண்டுப் பயிற்சி இல்லாத இடத்தில் மிகச் சிறந்த மரபணுக் கடத்தியும் பயன்படாது. வேலூரின் மரபணுச் சிகிச்சை 1986இல் தலசீமியாக் குழந்தைகளின் படுக்கையருகில் தொடங்கியது எனக் கூறின் அது மிகையாகாது.

2005இல் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கல்லூரியும் இணைந்து குருத்தணு ஆய்வு மையத்தை அமைத்தன. அது பின்னர்ப் பெங்களூருவிலுள்ள இன்ஸ்டெம் நிறுவனத்தின் ஒரு பிரிவாயிற்று. குருதியியல் பேராசிரியர் ஆலோக் ஸ்ரீவஸ்தவா அம்மையத்தை வழிநடத்தினார். ஹீமோஃபிலியா சிகிச்சைக்கான உலக வழிகாட்டு நெறிகளின் 2012, 2020ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவரும் அவரே. ஆய்வுக்கூடத்தின் தலைவரும் நோயாளிகளின் மருத்துவரும் ஒருவராக இருந்தமை, சிகிச்சை எந்த நோயை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது.

6. ஹீமோஃபிலியாவும் ஐந்து நோயாளிகளும்

குருதி உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணி என்னும் புரதம் போதிய அளவு இல்லாமையே ஹீமோஃபிலியா ‘ஏ’ நோய். அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளமையால், தாய் வழியே வந்து பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குகிறது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவர்க்கு இந்நோய் காணப்படுகிறது. கடுமையான நிலையில் காரணியின் செயல்திறன் இயல்பான அளவில் 1 விழுக்காட்டிற்கும் குறைவு. வெளிக்காயம் இன்றியே முழங்காலிலும் முழங்கையிலும் குருதி கசிந்து, மூட்டுகள் தேய்ந்து, இளமையிலேயே நடை தளரும். வயலில் இறங்கி உழைத்து வாழும் குடும்பத்தில் இது ஒருவரின் நோயாக நில்லாது. குடும்பத்தின் வருவாயையே முடக்கும்.

எட்டாம் காரணியின் மரபணு 1984இல் படியெடுக்கப்பட்டது. 1990களில் மரபணுப் பொறியியல் வழியே அப்புரதம் மருந்தாகக் கிடைத்தது. ஆனால் அதனை வாழ்நாள் முழுவதும் நரம்பில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை அளிக்கும் மரபணுச் சிகிச்சையின் தேவை இங்கிருந்தே பிறந்தது.

மேலை நாடுகளில் முதலில் வந்த முறை, அடினோ சார் வைரஸ் என்னும் கடத்தியில் மரபணுவை ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்புவது. அவ்வகை மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023 சூனில் ஒப்புதல் கிடைத்தது. விலை ஏறத்தாழ 29 இலட்சம் டாலர். அம்முறைக்கு வேறு தடைகளும் உண்டு. அந்த வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள் உடலில் முன்பே உள்ளவர்க்கு அது பொருந்தாது. வளரும் கல்லீரலில் மரபணு நீர்த்துப்போகும் என்பதால் குழந்தைகளுக்கும் உகந்ததன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் காரணியின் அளவு குறைவதும் காணப்பட்டது.

வேலூர்க் குழுவினர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து வேறு வழியை மேற்கொண்டனர். பன்றியின் எட்டாம் காரணி உயிரணுக்களிலிருந்து மிகுதியாகச் சுரக்கும் இயல்புடையது. அதன் சில பகுதிகளை மனித மரபணுவோடு இணைத்து எமரியில் ஒரு கலப்பு மரபணு உருவாக்கப்பட்டிருந்தது. லென்டிவைரஸ் கடத்தியின் துணையால் அம்மரபணுவை நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களில் சேர்த்து அவருக்கே திருப்பிச் செலுத்துவது திட்டம். குருத்தணுவில் பதிந்த மரபணு அதன் வழிவரும் அணுக்களுக்கெல்லாம் கடத்தப்படும். எனவே பயன் நிலைக்க வாய்ப்புண்டு.

22 முதல் 41 வயதுவரை உள்ள ஐவர் இவ்வாய்வில் பங்கேற்றனர். 2024 பிப்ரவரியில் தேசிய அறிவியல் நாள் நிகழ்ச்சியில் ஒன்றிய அமைச்சர் ஜிதேந்திர சிங் இம்முயற்சியை அறிவித்தார். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் முடிவுகளை வெளியிட்டது. ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். அக்காலத்தில் ஆண்டுக் குருதிக்கசிவு வீதம் ஐவர்க்கும் சுழியம். முதல் இருவரிடம் காரணியின் அளவு குறைவாகவே இருந்தது. மரபணு அணுவினுள் புகுவதை எளிதாக்கும் துணைப்பொருளைச் சேர்த்தபின், அடுத்த மூவரிடம் அது ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காடு வரை உயர்ந்தது. இரு நோயாளிகளிடம் கண்ட குறையை அடுத்த மூவர்க்குள் திருத்த முடிந்தமை, ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் அடுத்தடுத்து இருந்ததன் நேரடிப் பயன் எனலாம்.

இச்சிகிச்சை இடரற்றதன்று. மஜ்ஜையை ஒடுக்கும் மருந்துகளால் தொற்றும் மலட்டுத்தன்மையும் நேரலாம். மரபணு தவறான இடத்தில் பதிந்து புற்றுநோயைத் தூண்டும் வாய்ப்பும் உண்டு. பிரான்சில் பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாட்டிற்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலர்க்கு, பழைய வகைக் கடத்தியால் குருதிப் புற்றுநோய் நேர்ந்தது. அதற்கு முன்பே, 1999 செப்டம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில் பங்கேற்ற 18 வயதினரான ஜெசி கெல்சிங்கர் உயிரிழந்தார். அதன்பின் உலகெங்கும் ஒப்புதல் நெறிகள் கடுமையாயின. இந்தியாவில் மருத்துவ ஆய்வு மன்றம் மரபணுச் சிகிச்சைக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை 2019இல் வெளியிட்டது. சான்று இல்லாத குருத்தணுச் சிகிச்சையை விளம்பரத்தால் விற்கும் போக்கினையும் இந்நெறிகளின் பின்னணியில் வைத்துக் காணல் வேண்டும். ஒரே சொல்லைப் பயன்படுத்தும் இருவரில் யார் ஆய்வாளர், யார் வணிகர் என்பதைப் பதிவேடே காட்டிக்கொடுக்கிறது.

7. மும்பை காட்டிய வழி

ஐவரிடம் வெற்றி கண்ட சிகிச்சை ஐயாயிரம் பேரை அடைய வேண்டுமாயின், மருந்தாக்கம் உள்நாட்டில் நிகழ வேண்டும். வேலூர் ஆய்வுக்குரிய கடத்தி அமெரிக்காவில் உருவானது. அதனை இந்தியாவில் ஆக்கும் எதிர்பார்ப்பு 2024இல் வெளியான அரசு அறிவிப்பிலேயே இடம்பெற்றுள்ளது. ஐந்து கூறுகளில் வேலூருக்கு எஞ்சியிருக்கும் குறை இதுவே.

இக்குறையை நீக்கிய சான்று மும்பையில் உள்ளது. நோயாளியின் எதிர்ப்பாற்றல் அணுக்களை மாற்றியமைத்துப் புற்றணுக்களை அழிக்கச் செய்யும் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2017 ஆகஸ்டில் முதல் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிறந்ததே. பெருநிறுவனம் ஒன்றின் வழியே 4,75,000 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ராகுல் புர்வார் குழுவினர் அவ்வகைச் சிகிச்சையைக் கடத்தி முதல் அணுவாக்கம் வரை உள்நாட்டிலேயே உருவாக்கினர். டாடா நினைவு மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்தது. கழகத்திலிருந்து கிளைத்த இம்யூனோஆக்ட் நிறுவனம் மருந்தாக்கத்தை ஏற்றது. 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனைத் தொடங்கிவைத்தார். விலை மேலைநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

பத்தில் ஒரு பங்கு என்பது பெரும் சாதனை. எனினும் அது இன்னும் பல இலட்சம் ரூபாய். குறுவை, சம்பா என்னும் இரு பருவ விளைச்சலை நம்பி வாழும் சிறு உழவர்க்கு அத்தொகை எட்டாதது. ஆகவே விலைக்குறைப்பு முதற்படி. அரசுக் காப்பீடு அல்லது பொதுநிதியின் வழியே அதனை ஏற்பது அடுத்தபடி. தன்வந்திரி மகாலின் வருவாய் மன்னரோடு நின்றதை எண்ணினால், இச்சிகிச்சைகளுக்குரிய நிதியும் ஆய்வுத்திட்டக் காலத்தோடு முடியாதபடி அமைய வேண்டும் என்பது விளங்கும்.

8. காவிரிப் படுகையின் பங்கு

ஆய்வு விளைபொருளை மக்களிடம் சேர்த்த மரபு காவிரிப் படுகைக்குப் புதிதன்று. ஆடுதுறையில் 1922இல் வேளாண் ஆய்வுப் பண்ணை அமைந்தது. அங்கு உருவாகி 1960களில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல், சப்பானிய நெல்லையும் தமிழக நெல்லையும் கலந்து பெறப்பட்டது. அது வயலை அடைந்தமைக்குக் கலப்பு ஆய்வு மட்டும் காரணம் அன்று. ஆய்வாளரின் கருவிதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்னும் படிநிலைகளும், வட்டாரந்தோறும் இருந்த வேளாண் அலுவலர்களும் அதனை வயலுக்குக் கொண்டுசென்றனர். ஊர்தோறும் விளைச்சல் கண்டு குறைகள் ஆய்வுப் பண்ணைக்குத் திரும்பின.

மரபணுச் சிகிச்சைக்கும் இத்தகைய படிநிலை தேவை. குருத்தணுவில் மரபணுவைச் செலுத்தும் பணி ஒவ்வொரு மாவட்டத்திலும் நிகழ வேண்டியதில்லை. வேலூர் போன்ற சில மையங்கள் போதும். ஆனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உள்ள பணி ஊரருகே நடக்க வேண்டும். நோயைச் சிறுவயதிலேயே கண்டறிதல், காரணியின் அளவை முறையாக அளத்தல், எதிர்ப்பொருள் தோன்றியுள்ளதா எனப் பார்த்தல், மூட்டுகளைக் காத்துவருதல் ஆகியவை முன்பணிகள். பின்பணி அதனினும் நீண்டது. மரபணுவில் நிலையாகப் பதியும் கடத்திகளைப் பெற்றவரை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் பரிந்துரை. திருத்துறைப்பூண்டியிலோ பாபநாசத்திலோ வாழும் ஒருவரை, ஒவ்வொரு குருதிச் சோதனைக்கும் 15 ஆண்டுகள் வேலூருக்கு வரச்சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்கள் பங்கேற்றால்தான் அந்தப் பதிவு அறுபடாமல் தொடரும்.

இதற்கு எதிராக ஒரு கருத்து எழலாம். தோலடியில் செலுத்தத்தக்க எமிசிசுமாப் போன்ற புதிய மருந்துகள் குருதிக்கசிவை நன்கு தடுக்கின்றன. இந்நிலையில் இடர்மிக்க மரபணுச் சிகிச்சை வேண்டுமா என்பதே அது. இவ்வினா நியாயமானது. ஒவ்வொரு நோயாளிக்கும் எது ஏற்றது என்பதை அவரும் மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். ஆயினும் வாழ்நாள் முழுதும் தொடரும் மருந்து, வழங்கல் நின்ற நாளில் பயனற்றுப்போகும். வெள்ளத்திலும் புயலிலும் சாலைகள் துண்டிக்கப்படும் படுகை மாவட்டங்களில் இது கற்பனையான இடர் அன்று. மேலும், குருத்தணு வழி மரபணுச் சிகிச்சைக்கென உருவாகும் அடித்தளம் ஹீமோஃபிலியாவோடு நிற்காது. தலசீமியா, அரிவாளணுச் சோகை ஆகிய நோய்களுக்கும் அதுவே பயன்படும்.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஆய்வு நோயாளியை அடைவதற்கு இருவரும் நெருங்கி வாழும் நிறுவனம் இன்றியமையாதது. தன்வந்திரி மகாலும் வேலூரின் மஜ்ஜை மாற்றுப் பிரிவும், காலத்தாலும் அறிவியலாலும் வேறுபட்டாலும், இவ்வகையில் ஒத்துள்ளன.

இரண்டாவது, அத்தகைய நிறுவனம் தனியொருவரின் ஆர்வத்தையோ ஒரு திட்டக்கால நிதியையோ மட்டும் சார்ந்திருப்பின் நிலைக்காது. 1832க்குப் பின் தஞ்சையில் நிகழ்ந்தது இதனை மெய்ப்பிக்கிறது. உள்நாட்டு மருந்தாக்கமும் பொதுநிதியும் அமையாதவரை, வேலூரின் வெற்றியும் ஐவரைப் பற்றிய ஓர் உயரிய ஆய்வுக்கட்டுரையாகவே நின்றுவிடும் இடர் உண்டு.

மூன்றாவது, பதிவேடு சிகிச்சையின் ஒரு பகுதி. தஞ்சைக் கண் மருத்துவக் குறிப்பேடுகள் இரு நூற்றாண்டுகள் கடந்தும் படிக்கத்தக்கனவாக உள்ளன. இன்று மரபணுச் சிகிச்சை பெறும் ஒருவரின் பதிவு அடுத்த 15 ஆண்டுகள் ஊர் மருத்துவமனைக்கும் ஆய்வு மையத்திற்கும் இடையில் அறுபடாமல் செல்ல வேண்டும். அதற்கான ஏற்பாட்டைக் காவிரிப் படுகையின் மருத்துவமனைகளில் தொடங்குவதற்கு மரபணுக் கடத்தி உள்நாட்டில் உருவாகும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.